‘ராம்சர்’ பலகையை நம்பி வழக்குத் தொடுக்கலாமா?

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, தமிழகத்தின் ராம்சர் தலங்களில் (ஈரநிலப் பாதுகாப்புக்கான ராம்சர் சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள நீர்நிலைகள்) ஒன்றான ஓர் ஏரியின் கரையில் வாழும் வாசகி ஒருவர் ஒன்பது பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அவர் குடும்பத்துக்கு அந்த ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நஞ்சையும், ஏரியின் உள்வாயில் மேயும் ஏழு எருமைகளும் இருக்கின்றன. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாய்க்காலை ஒட்டி நெடுநாளாக இயங்கிவரும் தனியார் ஆலை ஒன்று இப்போது விரிவாக்கப்படுகிறது. ஏப்ரல் 9 அன்று வாய்க்காலில் முதல் லாரி மண் கொட்டப்பட்டதாகவும், ஜூன் முடிவதற்குள் நாற்பது அடி நீளத்துக்கு வாய்க்கால் தரையோடு தரையாகிவிட்டதாகவும் எழுதுகிறார். இரவில் ஆலையின் சுற்றுச்சுவருக்கு அடியில் உள்ள குழாயிலிருந்து நிறம் மாறிய நீர் வருகிறது. குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தபோது ஓர் அலுவலர், “ராம்சர் என்பது நாடுகளுக்கு இடையே உள்ள ஒப்பந்தம், அதைக் காட்டி நீங்கள் எதையும் கேட்க முடியாது” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகனோ, சர்வதேச ஒப்பந்தம் இந்தியச் சட்டத்துக்கும் மேலானது என்றும், நெதர்லாந்தில் மக்கள் வழக்குத் தொடுத்து அரசையே பணிய வைத்ததைப் போல நாமும் சர்வதேச நீதிமன்றத்துக்கே போகலாம் என்றும் சொல்கிறார். இவற்றுக்கு நடுவே கொழுந்தனாருக்கு வேறு ஒரு பயம்: ராம்சர் ராம்சர் என்று நாமே சத்தம் போட்டால், நாளை எருமைகளையும் உள்வாயில் இறங்க விடமாட்டார்கள் என்கிறார். ஒப்பந்தத்தைக் காட்டி ஆலையைத் தடுக்க முடியுமா, எங்கே போவது, எங்கள் மேய்ச்சல் என்னவாகும் என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் செப்டம்பர் 14 என்று தேதியிட்டிருக்கிறீர்கள். முதல் லாரி வந்தது ஏப்ரல் 9. இந்த இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்துப் படித்தபோதே எனக்குக் கவலையாகிவிட்டது. ஆகவே காலக்கெடு பற்றிய பகுதியை மட்டும் உங்களுக்குத் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் அதைக் கீழே மறுபடியும் சொல்கிறேன். அதற்கு முன், அந்த அலுவலர் சொன்னதையும் உங்கள் மகன் சொன்னதையும் சற்று நிதானமாகப் பார்த்துவிடுவோம். இருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அப்படியே எடுத்து மனுவில் எழுதும் அளவுக்கு எதுவும் முழுமையானதல்ல.

கையெழுத்துக்கும் சட்டத்துக்கும் இடையில்

ராம்சர் உடன்படிக்கை 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தானது. இந்தியா 1982 பிப்ரவரி 1 முதல் அதில் உறுப்பு நாடு. ஒரு நாடு உடன்படிக்கையில் சேருவது மற்ற நாடுகளுக்கு அது கொடுக்கும் வாக்கு. அந்த வாக்கு உங்கள் ஊர் ஆலையையும் உங்கள் ஊர் அலுவலரையும் நேரடியாகக் கட்டுப்படுத்த வேண்டுமானால், நம் அரசமைப்பின்படி, அது உள்நாட்டுச் சட்டத்துக்குள் ஏதாவது ஒரு வழியில் நுழைந்திருக்க வேண்டும். அதற்காகச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை உறுப்பு 253 நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. தண்ணீரைப் போல மாநிலப் பட்டியலில் உள்ள பொருளாக இருந்தாலும், சர்வதேச உடன்படிக்கையை நிறைவேற்றுவதற்காக நாடாளுமன்றம் நாடு முழுமைக்கும் சட்டம் செய்யலாம். உடன்படிக்கைக் கடமைகளை மதிக்க அரசு முயல வேண்டும் என்று உறுப்பு 51 சொல்வது உண்மைதான். ஆனால் அது வழிகாட்டு நெறிகளில் ஒன்று. அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது என்பதை உறுப்பு 37 தெளிவாக்கியிருக்கிறது. உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்த உடனேயே அது தானாக உள்நாட்டுச் சட்டமாகிவிடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் சொல்லிவிட்டது.

உங்கள் மகன் குறிப்பிடும் நெதர்லாந்து வழக்கு உர்கெண்டா அறக்கட்டளை தொடுத்தது. 2020-க்குள் பசுங்குடில் வாயு வெளியீட்டை 1990-ஆம் ஆண்டு அளவிலிருந்து குறைந்தது 25 விழுக்காடு குறைக்க வேண்டும் என்ற உத்தரவை 2019 டிசம்பர் 20 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மெச்ச வேண்டிய தீர்ப்புதான். ஆனால் அது சர்வதேச நீதிமன்றத்தின் தீர்ப்பல்ல, அந்நாட்டின் சொந்த நீதிமன்றத்தின் தீர்ப்பு என்பதை அவருக்குச் சொல்லுங்கள். மேலும், மக்களைக் கட்டுப்படுத்தக்கூடிய உடன்படிக்கை விதிகள் நேரடியாகவே பொருந்தும் என்றும், அவற்றோடு முரண்படும் உள்நாட்டுச் சட்டம் ஒதுங்க வேண்டும் என்றும் நெதர்லாந்து அரசமைப்பின் 93, 94 ஆகிய உறுப்புகள் சொல்கின்றன. நம் அரசமைப்பில் அதற்கு இணையான உறுப்பு கிடையாது. அங்கே திறந்த கதவை இங்கே தட்டிக்கொண்டிருந்தால் நாள்தான் போகும்.

கையெழுத்திலிருந்து சட்டம் வரையுள்ள தூரம் எவ்வளவு என்பதை உங்கள் ஏரியின் கதையே காட்டுகிறது. 1982-இல் ராம்சரில் சேர்ந்த நாம், ஈரநிலங்களுக்கென்று தனி விதிகளை முதன்முதலில் வகுத்தது 2010-இல். இருபத்தெட்டு ஆண்டுகள்! அழிந்துவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சைட்ஸ் உடன்படிக்கையில் 1976-இல் சேர்ந்தோம். அதற்கென்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். இந்த இடைவெளிகளில் உடன்படிக்கை இருந்தது, அதைப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லை. உங்களிடம் சலிப்போடு பேசிய அலுவலர் 1995-இல் அப்படிச் சொல்லியிருந்தால் ஏறக்குறைய ஒப்புக்கொண்டிருப்பேன். இன்று சொன்னால் அது தவறு. ஏனென்றால் உடன்படிக்கையின் சொற்கள் இன்று நம் விதிகளுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கின்றன.

எப்படி என்று சொல்கிறேன். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1986, 1972-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டின் முடிவுகளை நிறைவேற்றவே இயற்றப்படுவதாகத் தன் முகப்புரையிலேயே சொல்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் வந்தவைதான் ஈரநிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகள், 2017. அவற்றின் 4-ஆம் விதி, ஈரநிலங்கள் ‘விவேகமான பயன்பாடு’ என்ற கொள்கையின்படி பாதுகாக்கப்பட வேண்டும் என்று தொடங்குகிறது. இது ராம்சர் உடன்படிக்கையின் 3-ஆம் உறுப்பில் உள்ள சொல். அங்கிருந்து நேரே எடுத்து வைத்திருக்கிறார்கள். சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே தீர்ப்பாயம் அமைத்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010 தன் முகப்புரையில் ஸ்டாக்ஹோமையும் 1992 ரியோ மாநாட்டையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதன் 20-ஆவது பிரிவு, நீடித்த வளர்ச்சி, முன்னெச்சரிக்கை, மாசுபடுத்தியவரே ஈடுசெய்தல் ஆகிய மூன்று கொள்கைகளையும் தீர்ப்பாயம் பின்பற்றியே ஆக வேண்டும் என்கிறது.

முன்னெச்சரிக்கையும் ஈடுசெய்தலும் இந்தச் சட்டத்துக்கு முன்பே நம் நீதிமன்றங்களுக்கு வந்துவிட்டவை. அவை வந்தது பாலாற்றின் வழியாக. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றிலும் விளைநிலங்களிலும் கலந்ததை எதிர்த்து வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அந்த இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என்று அறிவித்தது. உள்நாட்டுச் சட்டத்துக்கு முரணாக இல்லாத சர்வதேச வழக்காற்று விதிகளை (நாடுகள் கடமையாகக் கருதிப் பின்பற்றிவரும் பழக்க விதிகளை) நீதிமன்றங்கள் பின்பற்றத் தடையில்லை என்பதே அதன் அடிப்படை. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது, உங்களுக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது: தன் செயலால் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை, அந்தச் செயலைச் செய்பவர் மேல்தான் இருக்கிறது. எருமை மேய்ப்பவர் வேதியியல் படித்துவிட்டு வந்து நிரூபிக்க வேண்டியதில்லை. (அந்தத் தீர்ப்போடு பாலாறு தெளிந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். அதே ஆற்றின் மாசு குறித்து 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் விரிவாகத் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது.)

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று தெளிவாக ஒன்றைச் சொல்லி, சர்வதேச விதி அதற்கு மாறாக இருந்தால், நம் நீதிமன்றங்கள் நாடாளுமன்றத்தின் சொல்லையே ஏற்கும். கடலோர இறால் பண்ணைகளை எதிர்த்து நம் மாநிலத்தைச் சேர்ந்த காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் வளர்ப்புத் தொழில் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-இல் வந்த கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டமோ, மண்டல அறிவிக்கையின் அந்தத் தடை கடலோர நீருயிர் வளர்ப்புக்குப் பொருந்தாது என்று முன்தேதியிட்டே மாற்றிவிட்டது. ஆகவே ‘ஒப்பந்தம் சட்டத்துக்கு மேல்’ என்ற வாக்கியத்தை உங்கள் மனுவில் எங்கும் எழுதாதீர்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சர்வதேச உடன்படிக்கை எப்போதும் ஏரியின் பக்கமே நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் ஓர் உடன்படிக்கையோடு வரலாம். கானமயில் வழக்கில் அதுதான் நடந்தது. இடம்பெயரும் உயிரினங்களுக்கான உடன்படிக்கையின் முதல் பட்டியலில் 2020-இல் சேர்க்கப்பட்ட பறவை அது. அதைக் காப்பாற்ற ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் மின்கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோக 2021-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காலநிலை குறித்து இந்தியா உலக அரங்கில் ஏற்ற கடமைகளை நிறைவேற்றச் சூரிய மின்சாரம் தேவை, இந்த உத்தரவு அதற்குத் தடை என்று மத்திய அரசு வாதிட்டது. 2024 மார்ச்சில் நீதிமன்றம் பழைய உத்தரவைத் தளர்த்தி, எந்த இடத்தில் எதைச் செய்வது என்பதை ஆராய வல்லுநர் குழு அமைத்தது. காலநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து பாதுகாக்கப்படும் உரிமை அரசமைப்பின் 14, 21 ஆகிய உறுப்புகளில் அடங்கியிருக்கிறது என்று அறிவித்ததும் இதே தீர்ப்புதான். ஒரே தீர்ப்பில் ஒரு கை கொடுத்தது, ஒரு கை எடுத்தது.

உங்கள் ஏரி எந்தக் கணக்கில் வருகிறது?

கடிதத்தில் நான் தேடிக் கிடைக்காத விவரம் ஒன்று உண்டு: உங்கள் ஏரி பறவைகள் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டதா? நீங்கள் அனுப்பிய, ஏரியின் அறிவிப்புப் பலகையின் படத்தில் ‘ராம்சர்’ என்ற சொல்லும் கீழே வனத்துறையின் முத்திரையும் தெரிகின்றன. நடுவில் உள்ள வரியைக் கருவேல மரக்கிளை மறைத்துவிட்டது. தமிழகத்தின் ராம்சர் தலங்கள் இருபதில் பெரும்பாலானவை பறவைகள் சரணாலயங்கள் என்பதால் கேட்கிறேன். வழக்கே இந்த ஒரு வரியில் திசை மாறிவிடும்.

ஈரநில விதிகள் ராம்சர் தலங்களுக்குப் பொருந்தும் என்று சொல்லும் அதே 3-ஆம் விதி, வனச் சட்டங்கள், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை ஆகியவற்றுக்குள் வரும் ஈரநிலங்களுக்குப் பொருந்தாது என்றும் சொல்கிறது. அதாவது, ராம்சர் பலகை உள்ள ஓர் ஏரிக்கு, ராம்சருக்காகவே எழுதப்பட்ட விதிகள் பொருந்தாமலும் போகலாம். இதைச் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் நான் ஏதோ தவறாகப் படித்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

உங்கள் ஏரி சரணாலயம் அல்ல என்றால், 4-ஆம் விதி உங்களுக்கு நல்ல பிடி. ஈரநிலத்துக்குள் ஆக்கிரமிப்பு, புதிய ஆலை, இருக்கும் ஆலையின் விரிவாக்கம், சுத்திகரிக்காத கழிவுநீரை விடுதல், திடக்கழிவு கொட்டுதல் எல்லாம் அதில் தடை செய்யப்பட்டிருக்கின்றன. கடந்த பத்து ஆண்டுகளில் காணப்பட்ட சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டருக்குள், படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டுமானமும் கூடாது. ஆனால் இந்தத் தடைகள் ‘ஈரநிலத்துக்குள்’ என்றே எழுதப்பட்டிருக்கின்றன. ராம்சர் ஏரியைச் சுற்றி எதையுமே கட்டக் கூடாது என்ற உங்கள் எண்ணம் சரியல்ல. வெளியே உள்ள ‘செல்வாக்கு மண்டலத்தில்’ எதை அனுமதிப்பது, எதைக் கட்டுப்படுத்துவது என்பதை மாநில ஈரநில ஆணையம்தான் முடிவு செய்கிறது. ஆகவே ஆலையின் புல எண் ராம்சர் வரைபடத்தின் எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்பதுதான் முதல் கேள்வி.

சரணாலயமாக இருந்தால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 29-ஆவது பிரிவைப் பாருங்கள். தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் வரும் நீரின் போக்கைத் திருப்புவதையும் நிறுத்துவதையும் அது தடை செய்கிறது. வரத்து வாய்க்காலை மூடியது வேறு என்ன? ஆனால் இந்தச் சட்டம் பசுமைத் தீர்ப்பாயத்தின் அதிகாரப் பட்டியலில் இல்லை. இதை முதன்மையாக வைத்துப் போவதென்றால் உறுப்பு 226-இன் கீழ் உயர் நீதிமன்றம்தான் வழி. ராம்சர் தலங்கள் சரியாகப் பராமரிக்கப்படுகின்றனவா என்று அந்தந்த உயர் நீதிமன்றங்களே தாமாக முன்வந்து கண்காணிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் கேட்டுக்கொண்டிருப்பதால், அங்கே உங்கள் மனு வேற்றாளாக நிற்காது.

ஆலைக் குழாயிலிருந்து வரும் நீரின் விஷயம் இந்த இரண்டிலும் சிக்காதது. நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 1974-இன் 24-ஆவது பிரிவு எந்த நீரோட்டத்திலும் மாசுப்பொருளை விடுவதைத் தடுக்கிறது; ஏரி ராம்சரா, சரணாலயமா, சாதாரணக் குட்டையா என்று அது கேட்பதில்லை. தீர்ப்பாயத்தின் அதிகாரப் பட்டியலில் இந்தச் சட்டம்தான் முதலாவது. வாய்க்கால் புறம்போக்கில் மண் கொட்டியதற்கு 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் கீழ் வட்டாட்சியரிடமும் தனியாக மனு கொடுத்து வையுங்கள். பெரிய உடன்படிக்கைகளின் நடுவே இந்தச் சின்னச் சட்டங்களை மறந்துவிடுகிறோம். பல நேரங்களில் மண்ணை அள்ள வைப்பது இவைதான்.

அக்டோபர் 9

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 14-ஆவது பிரிவின் கீழ் மனுத் தாக்கல் செய்ய ஆறு மாதம்தான் அவகாசம். அது நீங்கள் கடைசியாக மனு கொடுத்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை; வழக்குக்கான காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. வாய்க்காலைப் பொறுத்தவரை அது உங்கள் மகன் நோட்டுப்புத்தகத்தில் நேரத்தோடு குறித்துவைத்த ஏப்ரல் 9. போதிய காரணம் காட்டினால் தீர்ப்பாயம் மேலும் அறுபது நாள் வரை அனுமதிக்கலாம்; அதற்கு மேல் அனுமதிக்க அதற்கே அதிகாரமில்லை. ஆட்சியர் பதிலுக்காகக் காத்திருந்தோம் என்பது போதிய காரணமா என்று கேட்டால், ஏற்கப்பட்ட வழக்கும் உண்டு, ஏற்கப்படாத வழக்கும் உண்டு. அதை நம்பி இருக்காதீர்கள்.

ஒருவேளை தவறிவிட்டாலும் கதவு முழுவதுமாக மூடிவிடாது. இழப்பீடும், கெட்டுப்போன சுற்றுச்சூழலை மீட்டுத் தரும்படி கேட்பதும் 15-ஆவது பிரிவில் வருகின்றன. அதற்கு ஐந்து ஆண்டு அவகாசம். தமிழகத்துக்கான தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்று எழுதியிருந்தீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன் 12-ஆவது பிரிவின்படி, பெண் என்பதாலேயே, வருமான வரம்பு எதுவுமின்றி, இலவச சட்ட உதவி பெற உங்களுக்கு உரிமை இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். மனு உங்கள் பெயரில் இருப்பது இதனாலும் நல்லது.

ஒரே குறைக்காகத் தீர்ப்பாயத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் ஒரே நேரத்தில் போகாதீர்கள். ஒன்று மற்றதைக் காட்டித் தள்ளிவைக்க இடம் கொடுத்துவிடும். பொய்யான, தொல்லை கொடுக்கும் நோக்கிலான வழக்கு என்று கண்டால் செலவுத் தொகை கட்டச் சொல்லவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ‘நச்சு’, ‘புற்றுநோய்’ போன்ற சொற்கள் உங்கள் கடிதத்தில் ஐந்தாறு இடங்களில் வருகின்றன. பரிசோதனை அறிக்கை இல்லாமல் அவை மனுவில் வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் ஆலையின் பெயரோடு சேர்த்து வேண்டவே வேண்டாம். அவதூறு வழக்கு ஒன்றைச் சமாளிக்கவே உங்கள் சக்தி போய்விடும்.

பாட்டிலில் பிடித்த தண்ணீர்

குழாய் வாயில் பிடித்த நீரை இரண்டு குளிர்பான பாட்டில்களில் அடைத்து, தேதி எழுதி, வீட்டில் வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அதற்குப் பின்னால் உள்ள அக்கறை புரிகிறது. ஆனால் நீர்ச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, மாதிரி எடுப்பதற்கென்று ஒரு முறையை வகுத்திருக்கிறது: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அலுவலர், ஆலைத் தரப்புக்கு அங்கேயே அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை எடுத்து, முத்திரையிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த முறை தவறினால் வாரியம் எடுத்த மாதிரியே சான்றாக நிற்காது. உங்கள் பாட்டில் எப்படி நிற்கும்? அதற்குப் பதிலாக, எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு நீர் வருகிறது என்ற குறிப்பை வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்த நேரத்தில் வந்து மாதிரி எடுக்கும்படி எழுத்தில் கேளுங்கள். அவர்கள் வராவிட்டால், வராததே உங்கள் மனுவில் ஒரு பத்தியாகும். ஆலைச் சுவருக்குள் போய்ப் படம் எடுக்க வேண்டாம் என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வாய்க்கால் கரை பொது இடம், அங்கிருந்து எடுத்தாலே போதும். நீங்கள் அனுப்பிய மூன்றாவது படம், மண்மேட்டின் நடுவே பழைய மதகுக் கல்லின் தலை மட்டும் நீட்டிக்கொண்டிருப்பது, என் பார்வையில் உங்களிடம் உள்ள சான்றுகளில் மிக வலுவானது. வாய்க்கால் அங்கேதான் இருந்தது என்பதை அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஹேக், ஜெனீவா, கிளாண்ட்

ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில் வழக்காட நாடுகளுக்கு மட்டுமே முடியும். காலநிலை குறித்து நாடுகளுக்குள்ள கடமைகளைப் பற்றி 2025 ஜூலை 23 அன்று அது அளித்த ஆலோசனைக் கருத்து மிக முக்கியமானது. ஆனால் அதுவும் ஐ.நா. பொதுச்சபை கேட்டு, பொதுச்சபைக்குச் சொன்னது. ஐ.நா. மனித உரிமைக் குழுவில் தனிநபர் முறையீடு செய்யும் வழி, அதற்கான விருப்ப நெறிமுறையில் இந்தியா சேராததால், நமக்குத் திறக்கவில்லை. தூய, நலமான சுற்றுச்சூழல் மனித உரிமை என்று 2022 ஜூலை 28 அன்று பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானத்துக்கு இந்தியாவும் ஆதரவாக வாக்களித்தது. அது நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதல்ல, ஆனால் மனுவில் ஒரு வரியாக மேற்கோள் காட்டலாம்.

ராம்சர் உடன்படிக்கையின் செயலகம் ஸ்விட்சர்லாந்தின் கிளாண்ட் நகரில் இருக்கிறது. ஒரு தலத்தின் சூழலியல் தன்மை மாறினாலோ, மாறக்கூடும் என்றாலோ உறுப்பு நாடு தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்கிறது உடன்படிக்கையின் 3-ஆம் உறுப்பு. நீங்கள் செயலகத்துக்கு நேரடியாக எழுதலாம். அவர்கள் இந்திய அரசிடம் விளக்கம் கேட்கலாம். தண்டிக்கவோ தடை விதிக்கவோ அவர்களுக்கு அதிகாரமில்லை. நிலை மோசமானால் மான்ட்ரோ பதிவேடு என்ற பட்டியலில் தலம் சேர்க்கப்படலாம். ஒடிசாவின் சிலிகா ஏரி 1993-இல் அதில் சேர்க்கப்பட்டு, முகத்துவாரத்தைச் சீர்செய்து மீட்டபின் 2002-இல் நீக்கப்பட்டது. ராஜஸ்தானின் கேவலாதேவும் மணிப்பூரின் லோக்தக்கும் இன்னமும் அந்தப் பதிவேட்டில்தான் இருக்கின்றன. என் யோசனை, சென்னையில் மனு எண் வாங்கிய பிறகு, அந்த எண்ணைக் குறிப்பிட்டு கிளாண்டுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், நகலை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு அனுப்புங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் ஆறு மாதமும் தபாலிலேயே கழிந்துவிடும்.

எருமைகள்

உங்கள் கொழுந்தனாரின் பயத்தை யாரும் சிரித்து ஒதுக்கிவிட வேண்டாம். 1982-இல் கேவலாதேவில் மேய்ச்சலுக்குத் தடை விதித்தபோது எழுந்த மோதலில் உயிர்கள் போயிருக்கின்றன. ஆனால் அந்தத் தடையை ராம்சர் உடன்படிக்கை கேட்கவில்லை. அதில் உள்ள ‘விவேகமான பயன்பாடு’ என்ற சொல்லே, மனிதர் பயன்படுத்திக்கொண்டே காக்க வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது. 2017 விதிகளின் தடைப் பட்டியலில் மேய்ச்சல் இல்லை. அது ஒழுங்குபடுத்தப்படலாம், அவ்வளவுதான். சரணாலயமாக இருந்தால் நிலைமை சற்று இறுக்கம். அங்கும் தலைமை வன உயிரினக் காப்பாளர் 33-ஆவது பிரிவின் கீழ் அனுமதிக்கும் மேய்ச்சல், 29-ஆவது பிரிவின் தடைக்குள் வராது என்று சட்டமே சொல்கிறது.

ஆகவே பேசாமல் இருப்பது உங்கள் மேய்ச்சலைக் காப்பாற்றாது. எழுத்தில் இல்லாத பழக்கத்தைத்தான் முதலில் நிறுத்துவார்கள். எத்தனை குடும்பங்கள், எத்தனை கால்நடைகள், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை உள்வாயில் இறங்குகின்றன என்று ஊர் முழுவதற்கும் ஒரு கணக்கெடுத்து, கிராம சபைத் தீர்மானமாக்கி, மாநில ஈரநில ஆணையத்துக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் அனுப்புங்கள். ஏரிக்கான மேலாண்மைத் திட்டத்தில் அதைச் சேர்க்கும்படி கேளுங்கள். இந்த வேலையைக் கொழுந்தனாரிடமே ஒப்படைத்தால் நன்றாகச் செய்வார் என்று தோன்றுகிறது.

இப்போது செய்ய வேண்டியது இரண்டே. பலகையின் அருகில் போய்க் கிளையை விலக்கி, அந்த நடுவரியைப் படித்துச் சொல்லுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் ஆலைக்கும் வாய்க்காலுக்கும் உரிய புல வரைபடத்தையும் ‘அ’ பதிவேட்டு நகலையும் கேட்டு நாளையே விண்ணப்பியுங்கள். ஆலைக்கு வாரியம் கொடுத்த இசைவாணைகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம், ஆனால் பதிலுக்கு முப்பது நாள் ஆகும் என்பதால் அது வரும்வரை மனுவை நிறுத்திவைக்க வேண்டாம். வந்தபின் கூடுதல் ஆவணமாகத் தாக்கல் செய்துகொள்ளலாம். மனுவை எழுதும்போது மகனிடம் ஒன்று சொல்லுங்கள்: முதல் பத்தியில் ஏப்ரல் 9, லாரி, நாற்பது அடி, மதகுக் கல். அடுத்து நீர்ச் சட்டம், பலகை காட்டும் விதி. ராம்சரும் ரியோவும் அதற்குப் பிறகு வரட்டும்.